கதவைத் திறக்கவைத்த பேச்சு

நட்சத்திரங்கள் சொல்லியும் மசியாத வீடுகளை, பக்கத்துச் சந்துப் பெண்கள் பேசியே வழிக்குக் கொண்டுவந்தார்கள். போலியோவை இந்தியா விரட்டிய கதையில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் இது.

சுவரில் சாக்பீஸால் ஒரே ஓர் எழுத்து. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத், மீரட், அலிகார், ராம்பூர் போன்ற ஊர்களின் நெரிசலான சந்துகளில், 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஒரு வீட்டின் ஜாதகமே அந்த எழுத்துதான். 'பி' என்றால் அந்த வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுத்தாயிற்று. 'எக்ஸ்' என்றால் ஒரு குழந்தையாவது பாக்கி.

எக்ஸ் விழுந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். தோளில் ஐஸ் பெட்டியுடன் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். கதவு நாலு விரற்கடை திறக்கும். சொட்டு மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும், குழந்தை ஊரில் இல்லை என்று பதில் வரும். உள்ளே அதே குழந்தை அழும் சத்தமும் கேட்கும். கதவு சாத்தப்படும்.

பிறகு இன்னொருவர் வருவார். அதே மொஹல்லாவில் குடியிருக்கும் பெண். கக்கத்தில் ஒரு பதிவேடு. எடுத்த எடுப்பில் மருந்துப் பேச்சே இருக்காது. மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம், மூத்தவனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா என்றெல்லாம் விசாரிப்பார். கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். ஐஸ் பெட்டிக்காரர்களிடம் சொல்லாத உண்மைக் காரணத்தை அந்த வீட்டுத் தாய் இவரிடம் சொல்வார். அன்றைக்கே காரியம் முடிந்துவிடும் என்பதில்லை. பதிவேட்டில் குறித்துக்கொண்டு போனவர் அடுத்த வாரமும் வருவார்.

பேச்சுக் கலையில் வல்லவர் யார் என்று கேட்டால் மேடையில் கைதட்டல் வாங்குகிறவரையோ டிவியில் முகம் காட்டுகிறவரையோதான் பலரும் கைகாட்டுவார்கள். உத்தரப் பிரதேச அனுபவம் வேறு பதில் சொல்கிறது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் போலியோ ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்கு மருந்து வேண்டியிருந்தது. பணம் வேண்டியிருந்தது. கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று துப்புத் துலக்கும் டாக்டர்கள் வேண்டியிருந்தார்கள். இவையெல்லாம் இருந்த பிறகும் சாத்திய கதவுகள் சாத்தியபடியேதான் இருந்தன. அவற்றைத் திறக்கவைத்தவர்கள் பதிவேடு சுமந்த அந்தப் பெண்கள்.

சொட்டு இரண்டு, சந்தேகம் இருபது

போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று உலக சுகாதார மாநாடு 1988-ல் தீர்மானித்தது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் இந்த நோயால் முடமாகிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது.

அதன் பிறகு நடந்தது பிரமாண்டம். ஒரு தேசிய சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை முகாம், அடுத்த சில நாட்கள் வீடு வீடாகத் தேடல். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, செங்கல் சூளை, திருவிழாக் கூட்டம் என்று எங்கே குழந்தை கண்ணில் பட்டாலும் வாயில் மருந்து, இடது கைச் சுண்டு விரலில் மை. பொதுத் தேர்தலைத் தவிர இந்த நாடு இத்தனை பேரை ஒரே வேலைக்குத் திரட்டிய சந்தர்ப்பம் அரிது.

இவ்வளவுக்கும் ஒரே கோஷம்தான்: வாழ்வுக்கு இரண்டு சொட்டு. இந்தியில் நாலே வார்த்தை. படிக்காதவருக்கும் புரியும், குழந்தையும் சொல்லும். விளம்பரத் துறையின் கணக்குப்படி இதைவிட நல்ல வாசகம் கிடைப்பது கஷ்டம்.

வாசகத்தில் கோளாறு இல்லை. ஆனால் அதைக் கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு சொட்டு போதும் என்றால் இரண்டாவது மாதம் மறுபடி ஏன் வருகிறார்கள்? ஐந்தாவது தடவை ஏன்? பத்தாவது தடவை ஏன்? நோயின் பிடி இறுகியிருந்த மாவட்டங்களில் பின்னாளில் ஏறக்குறைய மாதம் ஒரு சுற்று என்ற நிலை வந்தது. மற்ற எந்த வியாதிக்கும் எட்டிப் பார்க்காத அரசாங்கம் இந்த ஒரு மருந்தை மட்டும் இலவசமாக, வீடு தேடி வந்து, திரும்பத் திரும்ப ஊட்டுகிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. சாதாரண மனிதனின் தர்க்கம் அப்படித்தான் ஓடும்.

2001-ல் நாடு முழுவதும் போலியோ கண்ட குழந்தைகள் 268. அடுத்த ஆண்டில் அது 1,600 ஆனது. அதில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். இடையில் சுற்றுகளைக் குறைத்தது ஒரு தவறு. அதைவிடக் கவலை தந்தது வேறொரு தகவல். நோய் தாக்கிய குழந்தைகளில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீட்டுக் குழந்தைகள். மாநில மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மருந்து எந்த வாசலில் நின்றுபோகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிந்தது.

பிரசாரத்துக்கு அமிதாப் பச்சன் வந்தார். தொடக்க விளம்பரங்களில் அன்பாகக் கேட்டுக்கொண்டவர், பிறகு முகம் சிவக்கக் கடிந்துகொண்டார். குழந்தைக்கு மருந்து கொடுக்காத பெற்றோரைத் திரையில் அவர் திட்டியது எடுபட்டது. அமிதாப்ஜி கோபமாக இருக்கிறாராமே என்று கேட்டபடி தாய்மார்கள் முகாமுக்கு வந்ததாக ஒரு கதை இன்றும் பிரபலம். சோம்பலாலும் மறதியாலும் வராதவர்களை அந்தக் கோபம் அசைத்தது. பயத்தால் வராதவர்களை எந்த நட்சத்திரத்தாலும் அசைக்க முடியவில்லை. டிவி பேசும், திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாது. அவர்களிடம் இருந்ததோ கேள்விகள்.

பயத்துக்கு ஒரு சரித்திரம்

கேள்விகளில் முதலாவது, இந்த மருந்து குடித்த பிள்ளைக்குப் பின்னாளில் பிள்ளை பிறக்காதாமே என்பது. சந்து சந்தாகப் பரவிய வதந்தி. அறியாமை என்று சொல்லி அதிகாரிகள் கையை உதறிக்கொள்வது சுலபம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. இலக்கை எட்டுவதற்காக ஆசிரியர்களையும் வருவாய்த் துறை ஊழியர்களையும் ஆள் பிடிக்க அனுப்பினார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முஸாபர்நகரில் 1976 அக்டோபரில் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு வரை போனது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை, போலியோ ஊழியர் கதவைத் தட்டியபோது தாத்தாவாகவும் பாட்டியாகவும் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அரசாங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் பழைய கதை. அந்தத் திண்ணைக்கு நேற்று நடந்த மாதிரி.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. சாக்கடை வழிகிறது, குடிதண்ணீர் நாறுகிறது, காய்ச்சலில் பிள்ளை சாகிறது, அதற்கெல்லாம் வராதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வருகிறார்கள்? மூன்றாவது கேள்வி எதிர்பாராதது. பக்கத்து வீட்டுப் பையன் அத்தனை தடவை சொட்டு மருந்து எடுத்தும் அவன் காலில் வாதம் வந்ததே, எப்படி?

இவற்றில் ஒன்றே ஒன்றுதான் வதந்தி. மற்ற இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் ஒரே நோட்டீஸைத்தான் அதுவரை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து நல்லது, பாதுகாப்பானது, எல்லோரும் கொடுங்கள் என்ற வாசகத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. மறுத்தால் போலீஸ் வரும், ரேஷன் கார்டு போகும் என்று அங்கங்கே சிலர் மிரட்டிப் பார்த்ததும் உண்டு. மிரட்டலைக் கண்ட பழைய ஞாபகம் விழித்துக்கொண்டது. வதந்திக்கு மேலும் வலு.

யார் வாயால் சொல்வது?

மாற்றம் 2001 முதல் தொடங்கியது. யூனிசெஃப், தன்னார்வ நிறுவனங்களின் கூட்டமைப்பு, ரோட்டரி ஆகியவை அரசுடன் சேர்ந்து சமூகத் திரட்டல் வலைப்பின்னல் ஒன்றை உத்தரப் பிரதேசத்தில் பின்னத் தொடங்கின. பிறகு அது பீகாருக்கும் விரிந்தது. உச்ச கட்டத்தில் இரு மாநிலங்களிலும் சுமார் 7,000 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், அந்தந்த மொஹல்லாவிலேயே குடியிருப்பவர்கள். பெரிய படிப்பு கிடையாது, கையில் கிடைத்ததும் சொற்பத் தொகைதான். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில நூறு வீடுகள்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வெற்றி இருந்தது. முஸ்லிம் குடியிருப்பில் முன்பின் தெரியாத ஆண் ஊழியர் வாசலோடு சரி. பெண்ணாக இருந்தால் உள்முற்றம் வரை போகலாம், அடுப்படியில் உட்காரலாம். அதே தெருக்காரி என்றால் இன்னும் சௌகரியம். அவருடைய குழந்தைகளும் அதே மருந்தைத்தான் குடித்திருக்கின்றன. அவை ஓடி விளையாடுவதைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய அத்தாட்சி எந்தப் போஸ்டரிலும் இல்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் அவரே சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. மதம் பற்றிய சந்தேகத்துக்குச் சுகாதார ஊழியர் பதில் சொன்னால் எடுபடாது, இமாம் சொன்னால் எடுபடும். 2003 முதல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், டெல்லியின் ஜாமியா மிலியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தப் பணியில் இறங்கினார்கள். மத அறிஞர்களின் வேண்டுகோள்கள் அச்சாகி வீடுகளுக்குப் போயின. முகாம் நாளில் மசூதி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஹஜ் பயணிகளும் சவூதி அரேபியா போகுமுன் இந்த மருந்தை எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற விதி வந்தபோது, அந்த ஒரு தகவல் ஆயிரம் நோட்டீஸ்களின் வேலையைச் செய்தது.

குழந்தைக்குச் சுகமில்லை, இப்போது கொடுக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் அந்தத் தெருவே நம்பும் டாக்டரோ ஹக்கீமோ வரவேண்டும். கணவர் மறுத்தால் அவர் வேலை செய்யும் பட்டறை முதலாளி பேசவேண்டும். மாமியார் மறுத்தால் மாமியாரின் வயதை ஒத்த இன்னொரு கிழவி. சிறுவர்களையும் விடவில்லை. முகாம் நாள் காலையில் கோஷம் போட்டபடி வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைக் கூட்டிவர 'புலாவா டோலி' என்ற அழைப்புப் படைகள் இருந்தன.

இது ஒரு பாடம். தானே பேசி ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை பேச்சாளருக்கு இருக்கலாம், காரியக்காரருக்கு ஆகாது. எந்தச் சேதியை எந்த வாய் சொன்னால் நம்புவார்கள் என்று தெரிந்து, அந்த வாயைத் தேடிக் கூட்டிவருவதும் சாமர்த்தியமே.

ஒரு மறுப்பு, பல காரணம்

சுவரில் இருந்த எக்ஸ் ஒன்றுதான். கணக்கேட்டில் அதற்குள் பல வகைகள் இருந்தன. பூட்டிய வீட்டுக்கு ஒரு குறி. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்று. வெளியூர் போயிருந்தால் ஒன்று. நேரடி மறுப்புக்குத் தனிக் குறி. பார்க்க வெறும் குமாஸ்தா வேலை. உண்மையில் இதுதான் முழுத் திட்டத்தின் நாடித்துடிப்பு. பூட்டிய வீட்டுக்குப் பேச்சு எதற்கு? சாயந்திரம் ஒரு தடவை வந்தால் போதும். காய்ச்சல் என்று சொன்ன வீட்டுக்கு நான்கு நாள் கழித்து நர்ஸுடன் போகவேண்டும். மறுத்த வீட்டுக்கு முதல் வேலை காரணம் கண்டுபிடிப்பது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும். இந்தப் பெண்களுக்கான பயிற்சியில் மருத்துவ விவரங்களோடு, வாசலில் நடக்கும் உரையாடலையும் நடித்துப் பார்க்கவைத்தார்கள். ஒருவர் ஊழியர், இன்னொருவர் கோபக்கார மாமியார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்பது, சொன்னதைக் கேலி செய்யாமல் இருப்பது, வாக்குவாதம் முற்றினால் விடைபெற்று வந்துவிடுவது, மறுபடி போவது. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். கொளுத்தும் வெயிலில் முப்பதாவது வீட்டு வாசலில் ஏச்சு வாங்கிக்கொண்டு கடைப்பிடிப்பது அற்ப காரியமல்ல.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏன் வாதம் வந்தது என்ற கேள்விதான் கடினமான பரீட்சை. மழுப்பினால் தெருவின் நம்பிக்கை போய்விடும். உண்மையைச் சொன்னால் மருந்து சரியில்லை என்றாகிவிடுமோ என்ற தயக்கம். உண்மை இதுதான்: போலியோ கிருமி மலத்தின் வழியே பரவிக் குடலில் பெருகுகிறது. சொட்டு மருந்தும் குடலில்தான் வேலை செய்யவேண்டும். ஓயாத வயிற்றுப்போக்கும் வேறு கிருமிகளும் நிறைந்த குடலில் அதன் பலன் குறைகிறது. நாட்டின் மற்ற பகுதிகளில் ஒரு முறை மருந்து தருகிற பாதுகாப்பில் பாதிகூட உத்தரப் பிரதேசத்தில் கிடைக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே அங்குள்ள குழந்தைக்கு அதிக தடவை தேவை.

இன்னொரு விஷயமும் உண்டு. கிருமி தொற்றிய சுமார் 200 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் கால் முடங்குகிறது. மற்றவை நோய் தெரியாமலே ஓடியாடிக் கிருமியைப் பரப்புகின்றன. என் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் தெருப் பாஷையில் சொல்லியாகவேண்டும். இரண்டு சொட்டு என்ற கோஷம் விட்டுச்சென்ற குழப்பத்தை, ஏன் மறுபடி மறுபடி என்ற விளக்கத்தால் நிரப்பினார்கள். ஒவ்வொரு தடவையும், என்ற சொல் பிரசாரத்தில் முக்கியத்துவம் பெற்றது. மருந்தின் குறையை மறைக்காமல் சொன்னபோது மருந்தின் மீதான நம்பிக்கை கூடியது. அதிகாரிகள் பலருக்கு இது ஆச்சரியம்.

திரும்பி வந்த சேதி

இதுவரை சொன்னது பாதிதான். டெல்லியிலிருந்தும் லக்னோவிலிருந்தும் கிளம்பிய சேதி சந்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அது. சந்திலிருந்து கிளம்பிய சேதி டெல்லிக்குப் போனது மீதிப் பாதி.

சாக்கடையைப் பார்க்காத சர்க்கார் சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு வாசலில் நின்ற பெண்ணிடம் பதில் இல்லை. அவர் செய்யக்கூடியது அதை அப்படியே மேலே சொல்வது. பதிவேட்டிலும் வாராந்தரக் கூட்டங்களிலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப மேலே வந்தது. கடைசியில் அது திட்டத்தையே மாற்றியது. போலியோ விடாப்பிடியாக நீடித்த 107 வட்டாரங்கள், உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41, தனியாக அடையாளம் காணப்பட்டன. 2009 முதல் அந்த இடங்களில் சொட்டு மருந்தோடு குடிநீர், கழிப்பறை, கை கழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. வாசலுக்கு வந்த பெண்ணிடம் இப்போது மருந்தைத் தவிர வேறு சங்கதிகளும் இருந்தன. மற்ற தடுப்பூசிகள் எந்தத் தேதியில், எங்கே என்று சொன்னார். கர்ப்பிணிகளின் பெயரைக் குறித்துவைத்து, குழந்தை பிறந்தவுடனே வந்து பார்த்தார்.

சாக்கடை அதற்குள் சுத்தமாகிவிட்டதா? பல இடங்களில் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்வியை யாரோ காதில் போட்டுக்கொண்டார்கள் என்பது தெரிந்தது.

பீகாரில் நோய் முற்றிலும் வேறு. அங்கே கதவைச் சாத்தியவர்கள் குறைவு. கதவு வரை போய்ச் சேர்வதுதான் பாடு. கோசி ஆற்றின் கரைகளுக்கு நடுவே வெள்ளக்காட்டில், சாலை இல்லாத, மழைக்காலத்தில் இடம் மாறும் குடியிருப்புகள். படகிலும் மோட்டார் சைக்கிளிலும் கால்நடையாகவும் போகவேண்டும். கூலி வேலைக்குப் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் போகிற குடும்பங்களைச் சத் பூஜைக்கு ஊர் திரும்பும்போது ரயிலிலேயே பிடிக்கவேண்டும். மொராதாபாத்தில் தேவைப்பட்ட பேச்சு இங்கே தேவைப்படவில்லை. எங்கே பேசவேண்டும், எங்கே நடக்கவேண்டும் என்று பிரித்துச் சொன்னதும் அந்தப் பதிவேடுகள்தான்.

ஒரே ஒரு குழந்தை

இடையில் சறுக்கல்களும் இருந்தன. 2005-ல் 66 ஆகக் குறைந்த எண்ணிக்கை மறு ஆண்டே 676 ஆனது. 2007-ல் 874. 2009-ல்கூட 741. உலகில் அந்த ஆண்டு போலியோ கண்ட குழந்தைகளில் மிக அதிகமானோர் இந்தியக் குழந்தைகள். இந்த நாட்டில் இது முடியாத காரியம் என்று நிபுணர்கள் சிலர் வெளிப்படையாகவே பேசத் தொடங்கியிருந்தார்கள்.

2010 ஜனவரியில் இரண்டு வகைக் கிருமிகளையும் ஒருசேரத் தாக்கும் புதிய சொட்டு மருந்து வந்தது. அதைப் பெற்றுக்கொள்ளக் கதவுகள் அப்போது திறந்திருந்தன. அந்த ஆண்டு எண்ணிக்கை 42. 2011-ல் ஒன்றே ஒன்று. மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில், சொட்டு மருந்து எடுத்திராத ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. 2011 ஜனவரி 13 அன்று அவளுக்கு வாதம் கண்டது. அதற்குப் பிறகு இயற்கைக் கிருமியால் இந்தியாவில் யாரும் முடமாகவில்லை.

வெற்றிக்கு உரிமை கோருபவர்கள் பலர். புதிய மருந்து, கண்காணிப்பு டாக்டர்கள், அரசியல் ஆதரவு, ரோட்டரியின் நிதி, நட்சத்திரங்கள், எல்லோருக்கும் பங்கு உண்டு. பேச்சுதான் எல்லாவற்றையும் சாதித்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் நல்ல மருந்து ஐஸ் பெட்டியில் இருந்தால் போதாது, குழந்தையின் வாய்க்குப் போகவேண்டும். தோளுக்கும் வாய்க்கும் இடையே இருந்த அந்த மூன்றடி தூரத்தைக் கடக்க வைத்தவர்கள், எந்த விருது மேடையிலும் முன்வரிசையில் உட்காராதவர்கள்.

பாடம் மறந்துபோகும்

இந்தப் பாடம் ஒரு மாநிலத்துக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் உரியதல்ல என்பதைத் தமிழ்நாடே நிரூபித்தது. தடுப்பூசி விஷயத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் எடுத்த மாநிலம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் சேதிகள் பறந்தன. படித்த பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஊசி எதற்கு, யாருக்கு, ஏற்கனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன் என்று பெற்றோர் கேட்டார்கள். மொராதாபாத் பாட்டிகள் கேட்ட அதே கேள்வி. 2021-ல் கொரோனா தடுப்பூசி வந்தபோதும் மறுபடி அதே காட்சி.

ஒவ்வொரு முறையும் முதலில் விளம்பரம் தயாராகிறது. பிரபலத்தின் படம் வருகிறது. வதந்திகளை நம்பாதீர்கள் என்று அறிக்கை வருகிறது. என்ன வதந்தி, அதன் அடியில் என்ன பயம், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று வாசலில் போய்க் கேட்கும் ஆள் கடைசியாகத்தான் வருகிறார். சில சமயம் வருவதே இல்லை.

போலியோ முழுதாகப் போய்விடவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கைக் கிருமி இன்னும் உலவுகிறது. அது எந்த விமானத்திலும் ஏறலாம். அதனால்தான் இந்தியாவில் சொட்டு மருந்து முகாம்கள் தொடர்கின்றன. இன்றைய தாய்மார்களில் பலர் போலியோவால் கால் சூம்பிய ஒரு குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத நோய்க்குப் பயம் இருக்காது. பயம் இல்லாத வீட்டில் புதுக் கேள்வி பிறக்கும்: இல்லாத வியாதிக்கு மருந்து எதற்கு?

அந்தக் கேள்வியும் நியாயமானதே. அதற்குப் பதில் சொல்ல யாராவது வாசலுக்குப் போகவேண்டும். முதலில் மருமகளின் உடம்பைப் பற்றி விசாரிக்கவேண்டும். சொல்வதை முழுவதும் கேட்கவேண்டும். பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி போகவேண்டும்.